ஓடாத மூன்று தளங்கள்: திருப்பாதிரிப்புலியூர் லினக்ஸ் லேப்டாப் ஒன்றின் ஆய்வு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் லேப்டாப் இது. மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மெஷின். 4 ஜிபி நினைவகம். பழைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் எஸ்எஸ்டி மாற்றியிருக்கிறார்கள், அப்போது விண்டோஸும் போயிற்று. மகனின் கல்லூரி நண்பன் ஒருவன் ஃபெடோரா என்ற லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை (பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவானது) போட்டுக் கொடுத்தான். அதன் பிறகு மெஷின் நன்றாகவே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் புகாருக்கும் லேப்டாப்பின் வயதுக்கும் சம்பந்தமில்லை.

"தம்பி, யூடியூப் ஓடுது. மத்தது எதுவும் ஓட மாட்டேங்குது. நெட்டு சரியில்லையா?" என்பதுதான் அக்கா சொன்னது. மகன் சொன்னது வேறு: "அண்ணா, லினக்ஸ்ல வீடியோ வராதாம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

இருவர் சொன்னதும் சரியில்லை. "மத்தது" என்பதில் மூன்று தளங்கள் இருந்தன. ஒன்று, ஒரு செய்திச் சேனலின் நேரலைப் பக்கம். இரண்டாவது, அக்கா சந்தா கட்டி சீரியல் பார்க்கும் தளம். மூன்றாவது, மகன் குரூப் 2 தேர்வுக்குப் பணம் கட்டிச் சேர்ந்திருக்கும் பயிற்சி மையத்தின் வீடியோ வகுப்பு. மூன்றிலும் கண்ணில் தெரிவது ஒன்றுதான்: கறுப்புக் கட்டம், சுழலும் வட்டம், அப்புறம் ஒரு மன்னிப்பு வாசகம். உள்ளே இருந்த காரணங்கள் மூன்றும் வேறு வேறு. இரண்டு சரியாகிவிட்டன. மூன்றாவது சரியாகவில்லை. லேப்டாப்பில் என்ன செய்தாலும் அது சரியாகாது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்றாவதுதான்.

ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டவை: கடையின் இணைய வேகம் போதுமானது, ஏனென்றால் அதே வைஃபையில் அக்காவின் போனில் மூன்றும் ஓடுகின்றன. விபிஎன் எதுவும் இல்லை. கடிகாரம் சரியாக இருக்கிறது. பழைய லேப்டாப்பில் சிமாஸ் பேட்டரி செத்துப்போனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கப்படும். அதனால் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

செய்திச் சேனல்

யூடியூப் ஓடுவதுதான் இங்கே எல்லோரையும் திசை திருப்பியது. யூடியூப் ஓடுகிறதே, அப்படியானால் அதில் இருக்கும் உலாவியான ஃபயர்ஃபாக்ஸால் வீடியோ காட்ட முடிகிறது என்று தானே தோன்றும்? ஆனால் யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1 என்ற கோடெக்குகளில், அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகளில். இரண்டும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பவை, ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே அவற்றைப் பிரித்துப் படமாக்கும் நிரல் இருக்கிறது. செய்திச் சேனல்களின் நேரலை பெரும்பாலும் எச்.264-இல் வருகிறது. அதற்குக் காப்புரிமைச் சிக்கல் உண்டு. அதனால் லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தானாகப் பிரிப்பதில்லை, கணினியில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்திடம் விட்டுவிடுகிறது.

ஃபெடோராவோ காப்புரிமை விஷயத்தில் ரொம்பக் கறார். அதன் சொந்தக் களஞ்சியத்தில் (மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடம்) இருப்பது எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற குறைக்கப்பட்ட பதிப்பு. நிறுவியவுடன் வருவது அதுதான், இந்த மெஷினிலும் அதுதான் இருந்தது. நண்பன் நிறுவிக் கொடுத்ததோடு போய்விட்டான், வேறு களஞ்சியம் எதையும் சேர்க்கவில்லை.

உறுதி செய்வது எளிது. எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்து, எச்.264 எம்பி4 உனக்குத் தெரியுமா என்று உலாவியையே ஒரு வரியில் கேட்கலாம். மீடியா சோர்ஸ் நிரலிடைமுகத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். இங்கே வந்தது இல்லை. கன்சோல் பிடிக்காதவர்கள் முகவரிப் பட்டையில் அபௌட் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து மீடியா பகுதியைப் பார்க்கலாம். புதிய பதிப்புகளில் எந்தக் கோடெக் உண்டு, எது இல்லை என்று அங்கே ஓர் அட்டவணையே இருக்கும்.

ஃபெடோரா தராதவற்றைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற களஞ்சியத்தைச் சேர்த்து, எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயை எடுத்துவிட்டு முழு எஃப்எஃப்எம்பெக்கைப் போட்டேன். ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடித் திறந்ததும் செய்தி வாசிப்பவர் வந்துவிட்டார். உபுண்டு, மிண்ட், டெபியன் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. அவற்றின் களஞ்சியத்தில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக்கிலேயே எச்.264 பிரிப்பான் உண்டு.

சீரியல் தளம்

இது பூட்டுப் போட்ட வீடியோ. வீடியோத் துண்டுகள் குறியாக்கப்பட்டே வரும், சாவி தனியாக உரிம சர்வரிலிருந்து வரும். இந்தச் சாவியை வாங்கிப் பூட்டைத் திறக்கும் வேலையை உலாவி தானே செய்வதில்லை, சிடிஎம் என்ற மூடிய நிரல் ஒன்று செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது கூகுளின் வைட்வைன். எட்ஜ் மைக்ரோசாஃப்டின் பிளேரெடியையும் பயன்படுத்தும். சஃபாரிக்கு ஆப்பிளின் ஃபேர்பிளே. இவற்றோடு வலைப்பக்கம் பேசுவதற்கான பொது மொழியை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் தரமாக ஏற்றது. அதை எதிர்த்து, மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு டபிள்யூ3சியிலிருந்தே வெளியேறியது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது எப்படியோ போகட்டும், லினக்ஸ்காரர்களுக்கு அந்தப் பொது மொழியால் ஒரு லாபம் உண்டு. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் செருகுநிரல் காலத்தில் இருந்த வழியில்லாமை போய், லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் 2016-இல் 49-ஆம் பதிப்பிலிருந்தே வைட்வைன் வருகிறது.

வருகிறது என்றால் கூடவே வருவதில்லை. லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் டிஆர்எம் (இந்தப் பூட்டு ஏற்பாட்டின் பெயர்) இயல்பாக அணைந்திருக்கும். பூட்டுப் போட்ட வீடியோவைத் திறந்தால் மேலே ஒரு பட்டை வந்து "டிஆர்எம் இயக்கவா?" என்று கேட்கும். சம்மதித்தால் கூகுளிடமிருந்து வைட்வைனை இறக்கி, உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் சுயவிவரக் கோப்புறையில் (உங்கள் அமைப்புகளும் நீட்டிப்புகளும் இருக்கும் இடம்) வைத்துக்கொள்ளும்.

இங்கே அந்தப் பட்டை வரவே இல்லை. பட்டையை யாராவது முன்பே மூடியிருக்கலாம் என்று செட்டிங்ஸில் போய், பொதுப் பகுதியில் டிஆர்எம் பெட்டியை டிக் செய்தேன். ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் செருகுநிரல்கள் பட்டியலில் வைட்வைன் வந்து உட்கார்ந்துவிட்டது. தளத்துக்குப் போனால் அதே கறுப்புக் கட்டம்.

இந்த இடத்தில் பலரும் ஃபயர்ஃபாக்ஸை நீக்கி மறுபடி நிறுவுவார்கள். அதில் பயன் இல்லை, பழைய சுயவிவரம் அப்படியே இருக்குமே. அதைவிட அபௌட் புரொஃபைல்ஸ் பக்கத்தில் போய்ப் புதுச் சுயவிவரம் ஒன்று உருவாக்கித் திறப்பது சுலபம். திறந்தேன். புதுச் சுயவிவரத்தில் பட்டை உடனே வந்தது. இயக்கச் சொன்னதும் சீரியலும் ஓடியது. ஆக, பழைய சுயவிவரத்தில்தான் ஏதோ இருக்கிறது.

பழையதில் கன்சோலைத் திறந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. தளம் வைட்வைனைக் கேட்கவே இல்லை, பிளேரெடியைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் "எனக்கு அது தெரியாது" என்று மறுத்தது. தனக்கு இல்லாத ஒன்றைக் கேட்டதால், இயக்கட்டுமா என்று பட்டை காட்டவும் அதற்கு அவசியம் இல்லை.

ஒரு தளம் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸிடம் பிளேரெடி கேட்குமா? கேட்காது, எட்ஜிடம்தான் கேட்கும். மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பயிற்சி வகுப்புத் தளம் "உங்கள் உலாவி ஏற்கத்தக்கதல்ல" என்றதும், இணையத்தில் யாரோ சொன்னபடி யூசர் ஏஜென்ட் (உலாவி தான் யார் என்று தளத்துக்குச் சொல்லும் வரி) மாற்றும் நீட்டிப்பு ஒன்றைப் போட்டு, "விண்டோஸில் எட்ஜ்" என்று வைத்திருக்கிறான். வகுப்புக்கு அது பலிக்கவில்லை. நீட்டிப்பை அணைக்க மறந்துவிட்டான். அது எல்லாத் தளங்களிடமும் தன்னை எட்ஜ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சீரியல் தளம் அதை நம்பி, எட்ஜுக்கு உரிய பூட்டை எடுத்து நீட்டியது.

நீட்டிப்பை நீக்கியதும் பழைய சுயவிவரத்திலும் சீரியல் ஓடியது. அக்காவுக்கு இதோடு ஆய்வு முடிந்தது. கட்டிங் டேபிளின் ஓரத்தில் சாக்கட்டித் தூள் படிந்த கீபோர்டைத் துடைத்து, லேப்டாப்பைத் தையல் மெஷின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

படம் கொஞ்சம் மங்கலாக இருப்பதை மகன் கவனித்தான். அது கோளாறு இல்லை. வைட்வைனில் எல்1, எல்2, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. எல்1-இல் பூட்டைத் திறப்பது, படத்தைப் பிரிப்பது எல்லாம் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும், பல போன்கள் இந்த வகை. லினக்ஸ் மேசைக்கணினி உலாவிகளில் எல்லாமே மென்பொருளில் நடக்கும் எல்3தான். எல்3-க்கு எவ்வளவு தெளிவு தருவது என்பதை ஒவ்வொரு சேவையும் தானே முடிவு செய்கிறது. பல சேவைகள் 720-இலோ அதற்குக் கீழேயோ நிறுத்திவிடும்.

இன்னொன்று. ஃபெடோராவில் குரோமியமும் இருந்தது, அதில் சீரியல் ஓடாது. விநியோகங்கள் தொகுத்துத் தரும் குரோமியத்தில் வைட்வைன் கோப்பு இருப்பதில்லை. கூகுள் தரும் குரோமில் அது கூடவே வருகிறது, எச்.264-உம் உள்ளேயே இருக்கிறது. "அப்படியானால் ஆரம்பத்திலேயே குரோம் போட்டிருந்தால் போயிற்றே" என்று கேட்கலாம். முதல் இரண்டு தளங்களைப் பொறுத்தவரை நியாயமான கேள்விதான். அவசரத்துக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இந்த மெஷினில் குரோமை நான் போட்டது அளவுகோலாக, மூன்றாவது தளத்துக்காக.

பயிற்சி வகுப்பு

குரோமில், நீட்டிப்பு எதுவும் இல்லாமல், வகுப்புத் தளத்தைத் திறந்தேன். "ஆதரிக்கப்படாத உலாவி" என்றது. இது பக்கத்தின் வாசலில் நிற்கும் சோதனை. யூசர் ஏஜென்டில் லினக்ஸ் என்ற சொல்லைக் கண்டதும் திருப்பி அனுப்புகிறது. குரோமின் டெவலப்பர் கருவியிலேயே, அந்த ஒரு டேபுக்கு மட்டும், விண்டோஸ் குரோம் என்று மாற்றி வைத்தேன். வாசல் திறந்தது. பிளேயர் வந்தது, பாடத்தின் தலைப்பு வந்தது, நேர அளவு வந்தது. ப்ளே அழுத்தியதும் பழைய கதைதான்.

மகன் நின்றுவிட்ட இடம் இதுதான். நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி ப்ளே அழுத்தினால் வரிசையாக எல்லாம் தெரிகிறது. வீடியோவின் அட்டவணைக் கோப்பு வருகிறது: 200, அதாவது சரி. வீடியோவின் முதல் துண்டு வருகிறது: 200. பிறகு உரிம சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது: 403. அதையே திரும்ப முயல்கிறது, மறுபடி 403. பிறகுதான் திரையில் அந்த மன்னிப்பு வாசகம்.

403 என்றால் "நீ கேட்பது புரிகிறது, தர மாட்டேன்" என்று பொருள். ஏன் தரவில்லை என்று சர்வர் சொல்லவில்லை. ஆனால் கழித்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் போய் நிற்கும்.

கணக்கில் பிரச்சினையா? இல்லை. அதே கணக்கில், அதே வைஃபையில், போனில் ஓடுகிறது. வைட்வைன் கெட்டுப்போயிருக்கிறதா? இல்லை. அதே குரோமில் சீரியல் தளம் ஓடுகிறது. எல்1 கேட்கிறதா? பக்கத்துக் கடைக்காரரின் விண்டோஸ் லேப்டாப்பைக் கடன் வாங்கி, குரோமில் மகனின் கணக்கால் நுழைந்து பார்த்தோம். ஓடியது. விண்டோஸ் குரோமும் சாதாரணமாக எல்3தான். ஆக, எல்3 அதற்குப் போதும்.

அப்படியானால் விண்டோஸ் குரோமில் இருந்து லினக்ஸ் குரோமில் இல்லாதது எது? விஎம்பி என்று சுருக்கமாகச் சொல்லும் ஊடகப் பாதைச் சரிபார்ப்பு. விண்டோஸ், மேக் பதிப்புகளில் உலாவியின் முக்கியக் கோப்புகள் கையொப்பமிடப்பட்டிருக்கும். யாரும் அவற்றைத் திருத்தவில்லை என்பதை வைட்வைன் சரிபார்த்து, சாவி கேட்கும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும். லினக்ஸ் மேசைக்கணினிக்கு அந்த ஏற்பாடே இல்லை. அங்கிருந்து போகும் கோரிக்கை "சரிபார்க்கப்படாதது" என்ற நிலையில்தான் போகும். சரிபார்க்கப்படாததற்கும் சாவி கொடுக்கலாமா கூடாதா என்பது உரிம சர்வரை நடத்துபவரின் கையில் உள்ள கொள்கை. சீரியல் தளம் கொடுக்கிறது. வகுப்புத் தளம் கொடுக்கவில்லை.

யூசர் ஏஜென்ட் மாற்றுவது இங்கே ஏன் பலிக்காது என்பதும் இதிலேயே இருக்கிறது. யூசர் ஏஜென்ட் என்பது உலாவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வரி, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவி கேட்கும் கோரிக்கையை உருவாக்குவது உலாவி இல்லை, அந்த மூடிய நிரல். அதற்குள் நீட்டிப்புகள் கை வைக்க முடியாது. வாசற்காவலரிடம் வேறு பேர் சொல்லி உள்ளே போகலாம், பெட்டக அறையில் கைரேகை கேட்பார்கள். யூசர் ஏஜென்ட் மாற்று என்ற அறிவுரை இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. வாசலோடு சோதனை முடிந்துவிடும் தளங்களுக்கு அது உண்மையிலேயே வேலை செய்யும் என்பதால்தான் அந்தப் பேர். மற்ற இடங்களில் பலிக்காததோடு, சீரியல் தளத்தில் பார்த்த மாதிரி, ஓடுவதையும் நிறுத்திவிடும்.

இதற்குப் பிறகு மகன் சில வழிகள் கேட்டான். விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ்? 4 ஜிபி நினைவகத்தில் அது பேச்சுக்குக்கூட ஆகாது. போன் திரையை லேப்டாப்பில் பிரதிபலிக்கலாமா? அதை அவனே செய்து பார்த்திருக்கிறான். சத்தம் வருகிறது, படம் கறுப்பு. திரையைப் பிடிக்கக் கூடாது என்று செயலி போனுக்குச் சொல்லிவிடுகிறது. பூட்டை உடைத்து வீடியோவை இறக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் இருக்கின்றனவாமே? இருக்கலாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இந்த மாதிரிப் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அரசு வேலைக்குப் படிக்கிற பையனுக்கு வழக்கு எதற்கு? அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம்.

மிச்சமிருந்த ஒரே உருப்படியான வழி, மையத்துக்கு எழுதுவது. "வீடியோ ஓடவில்லை" என்று எழுதினால் "கேஷ் அழியுங்கள், சமீபத்திய குரோம் பயன்படுத்துங்கள்" என்றுதான் பதில் வரும். மகன் முன்பே எழுதி, அதே பதிலை வாங்கியும் வைத்திருந்தான். அதனால் இப்படி எழுதச் சொன்னேன்:

"ஃபெடோரா லினக்ஸ், சமீபத்திய குரோம். அட்டவணைக் கோப்பும் வீடியோத் துண்டுகளும் 200 என வருகின்றன. வைட்வைன் உரிமக் கோரிக்கை மட்டும் 403 என மறுக்கப்படுகிறது. இதே கணக்கு ஆண்ட்ராய்டிலும் விண்டோஸ் குரோமிலும் இயங்குகிறது. உரிமக் கொள்கையில் சரிபார்க்கப்படாத இயங்குதளங்களுக்கு அனுமதி இல்லை என்று தெரிகிறது. குறைந்த தெளிவில் மட்டுமாவது அனுமதிக்க முடியுமா என்று உங்கள் வீடியோ சேவை வழங்குநரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

கூடவே நெட்வொர்க் பகுதியின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று, முயன்ற தேதியும் நேரமும். கடைசி வாக்கியம் முக்கியம். சின்னப் பயிற்சி மையங்கள் வீடியோ சர்வரைத் தாங்களே நடத்துவதில்லை, வேறொரு சேவையிடம் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். விஎம்பி என்ற பேரே மையத்தில் உதவி மேசையில் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட்டால் கடிதம் அங்கே போய்ச் சேர வாய்ப்பு கூடுகிறது. "தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. இதை எழுதும்வரை கதவு திறக்கவில்லை. மகன் வகுப்பைப் போனில் பார்க்கிறான், குறிப்புகளை லேப்டாப்பில் தட்டிக்கொள்கிறான்.

மேம்படுத்தும்போது

ஃபெடோரா ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு, அதனால் மேம்படுத்தாமல் இருக்க முடியாது. அந்த நேரத்தில் ஆர்பிஎம் ஃப்யூஷனின் தொகுப்புகள் ஃபெடோராவின் தொகுப்புகளோடு ஓட்டத்தில் ஓரிரு நாள் பின்தங்குவதுண்டு. மென்பொருள்களை நிறுவும் டிஎன்எஃப் கருவி, மோதல் இருப்பதாகச் சொல்லி, சிலவற்றை நீக்கட்டுமா என்று கேட்கும். பட்டியலில் எஃப்எஃப்எம்பெக் இருந்தால் சம்மதிக்காமல் சில நாள் காத்திருந்து மறுபடி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் செய்தி நின்று சீரியல் மட்டும் ஓடினால் பார்க்க வேண்டியது எஃப்எஃப்எம்பெக். சீரியல் நின்று செய்தி ஓடினால் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் வைட்வைன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "விரைவில் நிறுவப்படும்" என்றே நின்றுகொண்டிருந்தால், நல்ல இணைப்பில் ஃபயர்ஃபாக்ஸைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும். வகுப்பு மட்டும் ஓடாவிட்டால் அவன் கூப்பிட வேண்டியது என்னை அல்ல, பயிற்சி மையத்தை. குரோமை நீக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் வந்தால் சோதித்துப் பார்க்க அது வேண்டும்.